‘மேலகரம்’ — காண்க

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே, அவ்விரண்டு ஊர்களின் கீர்த்திக்கும் வழிவிட்டு, தான் ஓரமாக ஒதுங்கி நிற்பதையே சுபாவமாகக் கொண்டுவிட்ட மேலகரத்தில் பிறந்தவன் நான். நீராட வருகிறவர்கள் எங்கள் ஊரைக் கடந்து பேரருவிக்குப் போவார்கள்; தரிசனத்துக்கு வருகிறவர்கள் எங்கள் ஊரை எட்டாமலே காசி விசுவநாதர் சந்நிதியோடு திரும்பிவிடுவார்கள். எங்களுக்கோ மளிகை வாங்கவும், வைத்தியரைப் பார்க்கவும், வக்கீலைத் தேடவும் தென்காசியே கதியாக இருந்தது. பன்னிரண்டாவது வயதில் எனக்கு நான்காவதாக ஒரு காரணமும் சேர்ந்தது. அது அங்கே இருந்த கிளை நூலகம். ஏறக்குறைய இரண்டு மைல் நடை. ஆனி, ஆடி மாதங்களில் மலையிலிருந்து சாரல் இறங்கி, குடை பிடித்தால் குடைக்குள்ளும் நுழைந்துவிடும் அந்தப் பொடித் தூறலில், இரவல் வாங்கிய புத்தகத்தைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அந்நாளில் இடிந்து மொட்டையாக நின்ற கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு நான் வீடு திரும்பிய மாலைப் பொழுதுகள் எத்தனை என்று இப்போது கணக்கிட முடியாது.

நூலகம் என்றால் மாளிகை அல்ல. முன்கட்டில் தினசரிகள் விரித்த நீள மேஜை, உள்கட்டில் அலமாரிகள், இரண்டுக்கும் நடுவே, சுவரோரமாக, ஆறு இழுப்பறைகள் கொண்ட ஒரு மரப்பெட்டி. நாட்டு மருந்துக் கடையில் சுக்குக்கு ஓர் அறை, திப்பிலிக்கு ஓர் அறை என்று வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. ஒவ்வோர் இழுப்பறையிலும் ஐந்து அங்குல நீளமும் மூன்று அங்குல உயரமுமான அட்டைகள் நெருக்கமாக நிற்கும். யாரும் உருவிக்கொண்டு போய்விடாதபடி அடிப்பக்கத்துத் துளைகளின் வழியே ஒரு கம்பி ஓடும். முதல் ஆறேழு மாத காலம் அந்தப் பெட்டியை நான் திறந்ததே இல்லை. அது உத்தியோகஸ்தர்களின் உபயோகத்துக்கு உரியது என்றே நினைத்திருந்தேன். நான் மட்டுமல்ல, தினமும் பத்திரிகை படிக்க வந்த பெரியவர் ஒருவர், தம் குடையை அதன்மேல் வைப்பதைத் தவிர வேறு எவ்விதச் சம்பந்தமும் அதனோடு கொண்டதில்லை.

எனக்கு அதைத் திறந்துவைத்தது ஒரு கணக்குப் புத்தகம். 1958-ஆம் வருஷம் அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பு, வட்டிக் கணக்கிலும் லாப நஷ்டக் கணக்கிலும் எனக்கு இருந்த பலவீனத்தைப் போக்கிக்கொள்ளும் உத்தேசத்துடன், அலமாரியில் தடித்த பைண்டோடு, பார்த்த மாத்திரத்தில் மரியாதை தோன்றும்படி நின்ற ஒரு புத்தகத்தை எடுத்து வந்து பத்து நாள் விடாமல் கணக்குப் போட்டேன். எல்லாம் ரூபாய், அணா, பை. பன்னிரண்டு பை ஓர் அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் முதல் தேதியிலிருந்தே ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று சர்க்கார் மாற்றிவிட்டிருந்தும், கடைவீதியில் பழைய காசும் புதுக் காசும் கலந்தே புழங்கிவந்தபடியால், எதில் போட்டாலும் கணக்கு கணக்குத்தானே என்ற அசட்டுத் துணிச்சல் எனக்கு. பரீட்சைத் தாளில் வந்ததெல்லாம் நயா பைசா. பத்து நாள் உழைப்பும் ஆற்றில் கரைத்த புளியாயிற்று.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, என் முகத்தைப் பார்த்தே விஷயத்தை ஊகித்துக்கொண்ட நூலகர், “அட்டையப் பாத்தியாலே?” என்று கேட்டார்.

“அட்டை கிழிஞ்சிருந்தது சார்” என்றேன்.

“அந்த அட்டை இல்லலே, இந்த அட்டை” என்று சிரித்துக்கொண்டே எழுந்துபோய், குடையை ஒருபுறம் நகர்த்தி வைத்துவிட்டு, ஓர் இழுப்பறையை இழுத்தார். அந்தக் கணக்குப் புத்தகத்தின் அட்டையை விரலால் தள்ளி நிறுத்திக் காட்டினார். ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பதிப்பு, அச்சான ஊர், பிரசுரித்தவர், ஆண்டு, பக்க எண்ணிக்கை எல்லாம் அவருடைய மணியான கையெழுத்தில் நீல மசியால் எழுதப்பட்டிருந்தன. ஆண்டு 1939. நான் பிறப்பதற்கு ஏழு வருஷம் முந்தியது. நான்கே நான்கு எண்களைப் பார்த்திருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய பத்து நாட்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

இந்த அட்டைகளின்மேல் எனக்கு உண்டான மதிப்புக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். நம்முடைய புத்தகங்களில், அக்காலத்துப் புத்தகங்களில் சிறப்பாக, நூலைப் பற்றிப் பேசுகிற மனிதர்கள் அதிகம். அணிந்துரை ஒருவர் வழங்குவார், சிறப்புப் பாயிரம் மற்றொருவர் பாடுவார். பிரசுரித்தவரோ தமிழுலகம் இதுகாறும் காணாத நூல் என்று தலைப்புப் பக்கத்திலேயே பறைசாற்றுவார். இவ்வளவு பேரும் சொல்லாமல் விட்ட விஷயங்களை மட்டுமே அந்தச் சிறு அட்டை சொல்லும். எத்தனை பக்கம் என்று சொல்லும். அதிலிருந்து விஷயத்தைச் சுருக்கித் தொட்டிருக்கிறாரா, விரித்துப் பேசியிருக்கிறாரா என்று ஊகிக்கலாம். படமும் வரைபடமும் உண்டா, கடைசியில் பொருளகராதி இருக்கிறதா என்று சொல்லும். மருந்து நூலிலும் பிரயாண நூலிலும் பாதிப் பிரயோஜனம் அதில்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பானால் மூலத்தை எழுதியவர் யார் என்று சொல்லும். இது மூன்று பாகத்தில் இரண்டாம் பாகம் என்ற உண்மையையும், வீட்டுக்கு எடுத்துப் போய் முதற்பக்கத்தில் திகைப்பதற்கு முன்பே, அது சொல்லிவிடும்.

மறுவருஷம் நேர்ந்தது இதைவிடப் பெரிய அவமானம். தமிழ் வகுப்பில் பிரபந்த வகைகளைப் பற்றிச் சொல்லிவந்த ஆசிரியர், குறவஞ்சி என்ற இடத்தில் நிறுத்தி, என் பக்கம் திரும்பி, குற்றாலக் குறவஞ்சி பாடிய கவிராயருக்கு எந்த ஊர் என்று கேட்டார். நான் குற்றாலம் என்றேன். “உங்க ஊருதான்லே! மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர்னுதானே பேரு?” என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்தப் பாட்டுக்காக மதுரைச் சீமையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் கவிராயருக்கு நிலம் மானியம் கொடுத்தார் என்றும், அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் ஏற்பட்டது என்றும், எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வெற்றிலை போடுகிறபோது பேசிக்கொள்ளும் செய்திகளைக்கூட அன்றுதான் நான் காது கொடுத்துக் கேட்டேன்.

சனிக்கிழமை முதல் வேலையாக நூலகத்துக்கு ஓடினேன். இந்தத் தடவை அலமாரிப் பக்கம் போகாமல், கற்றவன் என்ற மிடுக்கோடு பெட்டியையே திறந்தேன். ‘கு’வில் குற்றாலக் குறவஞ்சி இல்லை. ஆசிரியர் சொன்ன பெயரை நினைத்துக்கொண்டு ‘மே’யில் பார்த்தேன், மேகதூதம் இருந்தது, மேலகரம் இல்லை. ராஜப்பர் என்று ஒரு சமயம் தோன்ற ‘ரா’வில் பார்த்தேன்; இராசப்பர் என்று மறு சமயம் தோன்ற ‘இ’யில் பார்த்தேன். எங்கும் இல்லை. ஊர்க்காரனின் புத்தகத்தை ஊர் நூலகத்திலேயே வைக்கவில்லையே என்ற தேசாபிமானக் கோபத்தோடு நூலகரிடம் சென்றேன். அவர் எழுந்திராமலே, “‘தி’யில பாரு” என்றார்.

இருந்தது. கவிராயர் திரிகூடராசப்பராக ‘தி’யில் இருந்தார், அவர் பாடிய நூலும் திருக்குற்றாலக் குறவஞ்சியாக அதே ‘தி’யில் இருந்தது. தமிழில் அட்டவணை எழுதுகிறவனுக்கு இந்தத் ‘திரு’வைப் போல உபத்திரவம் செய்வது வேறொன்று இல்லை. தலத்தின் பெயருக்கு முன்னால் திரு, தெய்வத்தின் பெயருக்கு முன்னால் ஸ்ரீ, புலவனின் பெயருக்கு முன்னால் அவன் பிறந்த ஊர், பின்னால் அவன் பட்டம் என்று நாம் பக்தியோடும் மரியாதையோடும் சேர்த்துவைத்ததெல்லாம், தேடுகிறவன் வாயில் வருகிறபோது உதிர்ந்துவிடுகிறது. அச்சிட்ட நூலில் திருக்குற்றாலக் குறவஞ்சி. வாயில் குற்றாலக் குறவஞ்சி. தவறு யார்மேலும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு பையன் அரைமணி நேரம் அலைந்திருக்கிறான்.

நான் எங்கெங்கே தேடினேன் என்று நூலகர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மேஜையிலிருந்து வெற்று அட்டை ஒன்றை எடுத்து, மேல்வரியில் ‘மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர்’ என்று எழுதி, அதன்கீழ் ‘காண்க’ என்று எழுதி, மூன்றாம் வரியில் ‘திரிகூடராசப்பக் கவிராயர், மேலகரம்’ என்று எழுதினார். மசி உலரும்வரை காத்திருந்து, கம்பியை உருவி, ‘மே’யில் அதன் இடத்தில் செருகினார். எனக்கு இது வீண் வேலையாகத் தோன்றியது. எனக்குத்தான் இடம் தெரிந்துவிட்டதே என்றேன்.

“நீ ஒருத்தன் இங்க தேடியிருக்கே. நாளைக்கு இன்னொருத்தன் தேடுவாம்லா?” என்றார்.

‘தி’யில் குறவஞ்சிக்கு மூன்று அட்டைகள் இருந்தன. ஒன்று மூலம் மட்டும் கொண்ட மெல்லிய பிரதி. மற்றொன்று உரையும் அரும்பத விளக்கமும் சேர்ந்தது. மூன்றாவதோ குறவஞ்சி இலக்கியத்தைப் பற்றிய ஆராய்ச்சி. பக்கம் குறைந்ததையே எடுத்துக்கொண்டு தப்பித்துவிட நான் பார்த்தேன். நூலகர் விடவில்லை. மூலத்தை மட்டும் கொண்டுபோனால் நாலாம் பாட்டில் மூடிவைத்துவிடுவாய், ஆராய்ச்சியை எடுத்தால் பார்க்காத பெண்ணுக்கு ஜாதகம் பார்த்த மாதிரி ஆகும் என்று சொல்லி, நடுவில் இருந்ததைக் கையில் கொடுத்தார். அன்று இரவு அரிக்கன் விளக்கில், வசந்தவல்லி பந்தாடுவதும், குறத்தி மலைவளம் சொல்வதும், சிங்கன் தன் சிங்கியைத் தேடி அலைவதுமாகப் படித்துக்கொண்டே போனபோது, தினமும் வாசற்படியில் நின்று பார்க்கிற மலைதான் திரிகூடம் என்றும், ஆடு மாடு குளிப்பாட்டுகிற சிற்றாறுதான் சித்திரா நதி என்றும் தெரிந்துகொண்ட அந்த ஆச்சரியம், உரை இல்லாத பிரதியை எடுத்திருந்தால் எனக்குக் கிட்டியிருக்காது.

பெரியப்பா காரியம் இன்னும் லௌகிகமானது. அவர் வேறொருவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுவந்தார். நிலத்துக்காரர் நிலத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டார். வக்கீலிடம் போவதற்கு முன்னால் சட்டம் என்ன சொல்லுகிறது என்று தாமே தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், ஆகையால் என்னையும் இழுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். “அண்ணாச்சி, குத்தகைச் சட்டம் தமிழ்ல இருக்கா?” என்று கேட்டார். நூலகர் இரண்டு அட்டைகளைக் காட்டினார். இரண்டும் நிலச் சட்ட விளக்கங்கள். ஒன்றில் ஆண்டு 1958, மற்றதில் 1957. ஒரு வருஷம் புதியதாயிற்றே என்று நான் முதலாவதைச் சுட்டினேன். அவர் அந்த ஆண்டுக்கு முன்னால் எழுதியிருந்த இரண்டு சொற்களைத் தொட்டுக் காட்டினார்: ‘மறு அச்சு’. அதாவது 1953-இல் எழுதியதையே எழுத்து மாறாமல் 1958-இல் திரும்ப அச்சிட்டிருக்கிறார்கள். மற்றதிலோ ‘திருத்திய இரண்டாம் பதிப்பு’ என்று இருந்தது. குத்தகைதாரரைத் தக்க காரணமின்றி வெளியேற்றக் கூடாது என்று சென்னைச் சட்டசபை செய்த சட்டம் 1955-இல் வந்தது. நஞ்சையில் நிலத்துக்காரருக்குச் சேர வேண்டியது மகசூலில் நூற்றுக்கு 40 பங்கு என்று நிர்ணயித்த நியாய வாரச் சட்டம் 1956-இல் வந்தது. மறு அச்சை நம்பிப் பெரியப்பா நடந்திருந்தால், தமக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை என்று முடிவுகட்டி, நிலத்தை விட்டுவிட்டு வந்திருப்பார். விவகாரம் பிறகு வேறு விதமாக, இரண்டு ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சமாதானமாக முடிந்தது. ஆயினும் தமக்குச் சட்டம் தெரியும் என்ற தெம்போடு அன்று அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்த தோரணையை நான் மறக்கவில்லை.

மேற்படிப்புக்காக 1967-இல் சென்னைக்குப் போனபோது, கடற்கரைச் சாலையில் சர்வகலாசாலை நூலகத்தில் காலடி வைத்த பிறகே, எங்கள் ஊர் அட்டைகளின் மூலையில் நான் அர்த்தம் புரியாமல் பார்த்துவந்த எழுத்தும் எண்ணுமான குறியீட்டின் ரகசியம் துலங்கிற்று. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் அந்தச் சர்வகலாசாலையின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பு அது. லண்டனில் பயிற்சிக்குச் சென்றிருந்தபோது, ஒரு பெரிய கடையில், துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வெவ்வேறு உருவம் செய்கிற மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அந்த யோசனை பிறந்தது என்பார்கள். ஒரு நூலின் பொருளைத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு குறி கொடுத்து, மறுபடி கோத்துவிட்டால், குறியீட்டைப் பார்த்தே நூல் எதைப் பற்றியது என்று சொல்லிவிடலாம். அதை 1933-இல் வெளியிட்டார். அட்டவணை எழுதும் விதிகளை மறுவருஷம் வெளியிட்டார். வாசகனுடைய காலத்தை மிச்சப்படுத்துவது நூலகத்தின் கடமை என்பதை அவர் 1931-இலேயே ஐந்து விதிகளுள் ஒன்றாக வைத்திருந்தார். சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை 1948-இல் நிறைவேற்றியதற்குப் பின்னாலும் அவருடைய இருபது வருஷ முயற்சி இருந்தது. எங்கள் கிளை நூலகமே அந்தச் சட்டத்தின் வயிற்றில் பிறந்ததுதான்.

அந்தப் பகுப்பில் என் மனத்தைக் கவர்ந்த ஏற்பாடு ஒன்று உண்டு. இலக்கிய ஆசிரியர்களை அவர்கள் பிறந்த ஆண்டைக்கொண்டு அடையாளப்படுத்துவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டாகிய ஆயிரத்து எண்ணூறுகளுக்கு ‘எம்’, அடுத்த நூறு வருஷங்களுக்கு ‘என்’. ஆகவே பாரதியார் ‘எம் 82’. புதுமைப்பித்தன் ‘என் 06’. அலமாரியில் கவிகள் பெயரின் அகரவரிசையில் நில்லாமல், பிறந்த வரிசையில், அண்ணன் தம்பிகளைப் போல நின்றார்கள். பாரதியைத் தேடிப் போனவன் அவருக்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களைக் காணாமல் திரும்ப முடியாது. தமக்குப் பிறந்த தேதி என்று ஒன்று உண்டு என்பதையே பொருட்படுத்தாமல் பாடிவைத்துப் போன நம் பழம்புலவர்களை நினைத்துக்கொண்டு, இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் எவ்வளவு தொந்தரவு கொடுத்திருப்பார்கள் என்று நான் தனியே சிரித்ததும் உண்டு.

அங்கே இருந்த நாட்களில் பழைய அட்டவணைகளையே புத்தகம் போல எடுத்து வைத்துப் படிக்கிற பைத்தியம் எனக்குப் பிடித்தது. ஜான் மர்டாக் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1865-இல் சென்னையில் வெளியிட்ட அச்சுத் தமிழ் நூல்களின் அட்டவணை அவற்றுள் ஒன்று. அவர் வெறும் பெயர்களோடு நிற்பதில்லை. பொருள் வாரியாகப் பிரித்து, நூல் எதைப் பற்றியது என்று குறிப்பும் தருவார், தம் அபிப்பிராயத்தையும் சொல்வார். மதப் பிரசாரகரின் அபிப்பிராயம் ஆதலால், நம் புராணங்கள் அவரிடம் நல்ல மார்க் வாங்குவது துர்லபம். அட்டவணைக்காரன் அபிப்பிராயம் சொல்லத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம். ஆனாலும் அவர் குறித்துவைக்காவிட்டால், அந்தக் காலத்தில் என்னென்ன அச்சாகி விற்றன என்பதில் ஒரு பகுதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். 1867-இல் வந்த சட்டத்தின்படி அச்சகத்தார் தாங்கள் அச்சிட்டதைச் சர்க்காரிடம் பதிய வேண்டியதாயிற்று. அந்தப் பதிவுகளைக்கொண்டு பிற்காலத்தில் தமிழ் நூல் விவர அட்டவணை தொகுக்கப்பட்டது.

அட்டை சொல்லாததும் உண்டு. உ. வே. சாமிநாதையருடைய ‘என் சரித்திர’த்தை, ஏடு தேடிய கதை என்று நினைத்தே எடுத்தேன். திருவாவடுதுறையில் அவருக்கு ஆதரவாக இருந்து கல்வி வளர்த்த ஆதீனகர்த்தர், மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் என்று எங்கள் ஊர்ப் பெயரோடு அதில் வந்து நிற்பார் என்பதை எந்த அட்டையும் எனக்குச் சொல்லவில்லை. பக்கம் புரட்டிப் போகிறபோது, அயலூர்ச் சந்தையில் பக்கத்து வீட்டுக்காரரைக் கண்ட மாதிரி திடுக்கிட்டேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. புத்தகம் தனக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதே ஐயர் அவர்களை, சில அட்டைகள் ‘சாமிநாதைய’ராக ‘சா’விலும், சில ‘சுவாமிநாதைய’ராக ‘சு’விலும் வைத்து, இரண்டையும் இணைக்க ஒரு ‘காண்க’ இல்லாமல் விட்டிருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அந்த மாதிரி இடங்களில், ஐயர் பதிப்பித்த நூல்களில் சரிபாதிதான் அங்கே இருக்கிறது என்று எத்தனை மாணாக்கர் நம்பித் திரும்பிப் போனார்களோ!

இப்போது பெட்டிகள் போய்க் கணினி வந்துவிட்டது. வந்ததில் எனக்குச் சந்தோஷமே. எழுபது வயதுக்கு மேல் இழுப்பறைக்குக் குனிய இடுப்பு சம்மதிப்பதில்லை. சில வருஷங்களுக்கு முன், ஊர் பேர் வேண்டாம், ஒரு பெரிய நூலகத்தின் கணினியில் ஆசையாகக் குற்றாலக் குறவஞ்சி என்று தமிழில் தட்டினேன். மூன்று பிரதிகள் என்றது. திருக்குற்றாலக் குறவஞ்சி என்று தட்டினேன். வேறு ஐந்து என்றது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண், “ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள் தாத்தா” என்றாள். இரண்டு ‘டி’ போட்ட குற்றாலத்துக்கு ஒன்று கிடைத்தது, ‘டி’யும் ‘ஆரு’ம் போட்டதற்கு இரண்டு கிடைத்தது, வெள்ளைக்காரன் எழுதிவிட்டுப் போன ‘கோர்ட்டால’த்துக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. மேலகரம் என்று தட்டியதற்கு, பதிவு எதுவும் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. இயந்திரத்தின்மேல் குறையில்லை, அதற்கு எழுதிக் கொடுத்தவர்கள், தேடி வருகிறவன் எங்கெங்கே கை நீட்டுவான் என்று யாரையும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

சென்னைக்குப் புறப்படுவதற்கு முந்தின வாரம், கையில் இருந்த கடைசிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத் தென்காசிக்குப் போயிருந்தேன். நூலகர் மாற்றலாகிப் போய் ஓராண்டு ஆகியிருந்தது. புதியவர் பத்திரிகைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். பெட்டியின் மேல் வழக்கம்போல் ஒரு குடை இருந்தது. என்ன நினைத்துக்கொண்டேனோ, ‘மே’ இருந்த இழுப்பறையை மெல்ல இழுத்தேன். எட்டு வருஷத்துக்கு முன் என் எதிரே எழுதிச் செருகிய அட்டை, மேகதூதத்துக்கு அடுத்தாற்போல், அதன் இடத்திலேயே நின்றது. நீல மசி சற்றே வெளுத்திருந்தது. அட்டையின் மேல்விளிம்பு மட்டும், முன்னும் பின்னும் நின்ற அட்டைகளைவிட, பல பேர் விரல் பட்டுக் கறுத்திருந்தது.